நர்சிங் பட்டம் படிக்கிறவர்களை ஏன் வீடு வீடாக அனுப்புகிறார்கள்?

உங்கள் தங்கைக்கு ஒரு பல்கலைக்கழக நர்சிங் பள்ளியில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே பள்ளியில் முதுநிலை, முனைவர் படிப்புகளும் இருக்கின்றன. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மாணவிகளைக் குடியிருப்புகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வார்டில் நின்று கைப்பழக்கம் வர வேண்டிய நேரத்தில் இப்படி அலையவிட்டால் என்ன கற்றுக்கொள்வாள், இதற்கு டிப்ளமோவே போதாதா என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: பிள்ளைகளைச் சம்பளம் இல்லாத ஆட்களாகப் பயன்படுத்திக்கொள்கிறார்களோ என்ற சந்தேகம். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். நான் 8 வருடம் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்தேன், அப்புறம் 16 வருடமாகக் கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங், அதாவது ஊருக்குள் வீடுகளுக்குப் போய்ச் செய்யும் செவிலியம் பற்றிய பாடம் நடத்துகிறேன். ஆகவே இந்தப் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. பட்டப்படிப்பும், செவிலியர் வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் வீட்டுப் பார்வையும் எதிரெதிரானவை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வரலாற்றில் பட்டப்படிப்பு வளர்ந்ததில் வீட்டுப் பார்வைக்கும் பங்கு உண்டு. 1893-ல் நியூயார்க்கில் லிலியன் வால்ட் என்ற இளம் செவிலியர், குடியேறிய ஏழைப் பெண்களுக்கு வீட்டு நர்சிங் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து தன் அம்மாவைப் பார்க்கக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், பிரசவமான பெண் ரத்தப்போக்கோடு படுக்கையில் கிடக்கிறாள். கட்டணம் கட்ட முடியவில்லை என்று மருத்துவர் பாதியிலேயே போய்விட்டிருந்தார். அந்த வருடமே வால்ட் ஆரம்பித்த வீட்டுச் செவிலியச் சேவைதான் பின்னாளில் ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்று பெயர் பெற்றது. அதற்கும் முன்பே, 1859-ல், லிவர்பூல் நகரத்தில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர் இதே வழியில் ஒரு தொடக்கம் செய்திருந்தார். தன் மனைவியின் கடைசி நாட்களில் அவரைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரையே, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்க நியமித்தார்.

சரி, இதற்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? வீடுகளுக்குப் போகும் செவிலியர் தனியாகப் போகிறார். பக்கத்தில் மருத்துவர் இல்லை, மூத்த நர்ஸ் இல்லை. மணி அடித்தால் ஓடி வர யாருமில்லை. அந்தக் காலத்து மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளிகள் வார்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் இடமாகத்தான் பெரும்பாலும் இருந்தன. சொன்னதைச் செய்யப் பழக்கினார்கள், தனியாக யோசிக்கப் பழக்கவில்லை. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரச் செவிலியர் கல்வியை ஆராயவென்று ஒரு குழு அமைத்தார்கள். ஆராயத் தொடங்கியபோது குறை சுகாதாரப் பாடத்தில் மட்டும் இல்லை, நர்சிங் கல்வி முழுவதிலுமே இருக்கிறது என்று தெரிந்தது. 1923-ல் வெளிவந்த அந்த அறிக்கையைக் கோல்ட்மார்க் அறிக்கை என்பார்கள். அதே வருடம் யேல் பல்கலைக்கழகத்தில் தனி டீனோடு ஒரு நர்சிங் பள்ளி ஆரம்பமானது. அதன் முதல் டீன் ஆனி குட்ரிச், முன்பு ஹென்றி ஸ்ட்ரீட்டின் வீட்டுச் செவிலியச் சேவையை நடத்தியவர். இதை நான் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வேன். நர்சிங் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததில் வீட்டு வாசலில் தனியாக நின்ற செவிலியருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இப்போது பட்டங்கள். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இளநிலைப் பட்டம் என்பது பதிவு பெற்ற செவிலியர் ஆவதற்கான முழுப் படிப்பு. நாட்டைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு வருடம். ஏற்கெனவே டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் பட்டத்துக்கு மாறிக்கொள்ளக் குறுகிய படிப்பையும் பல பள்ளிகள் வைத்திருக்கின்றன. ஆகவே டிப்ளமோ எடுத்தவருக்குக் கதவு மூடிவிடுவதில்லை, சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். முதுநிலையில் ஒரு துறையைப் பிடித்து ஆழமாகப் போவார்கள்: குழந்தை நலம், மனநலம், தீவிர சிகிச்சை, சமூக நலம், கற்பித்தல், நிர்வாகம் என்று. முனைவர் பட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆராய்ச்சிக்கானது, புதிதாக ஒன்றைக் கண்டறிந்து நிறுவுவது. இன்னொன்று தொழிலுக்கானது, கண்டறிந்ததை மருத்துவமனையிலும் ஊரிலும் நடைமுறைக்குக் கொண்டுவருவது. இந்த இரண்டாவது வகை சில நாடுகளில்தான் உண்டு. 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று இப்போது பெரிதாகப் பேசப்படும் பதவியும், அதாவது கூடுதலாகப் படித்து நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சை தரும் செவிலியர் பதவியும், வார்டில் உருவானதில்லை. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வர். மற்றவர் லொரெட்டா ஃபோர்டு, பொதுச் சுகாதாரச் செவிலியராக இருந்து பேராசிரியர் ஆனவர்.

கைப்பழக்கம் குறையுமே என்று கேட்டீர்கள். அந்தப் பயம் நியாயமானது. நரம்பில் ஊசி ஏற்றுவது, மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சுவது, திடீரென மோசமாகும் நோயாளியை முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பது எல்லாம் வார்டில் நின்றால்தான் வரும். எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் இவை வராது. ஆகவே மருத்துவமனை நேரத்தை வெட்டிவிட்டுச் சமூகப் பணி காட்டும் பள்ளி தவறு செய்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 3 வருடமும் 4,600 மணி நேரமும் வேண்டும், அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த நேரடிப் பயிற்சிக்கான துறைகளின் பட்டியலில் அறுவை சிகிச்சை, மகப்பேறு, மனநலம் ஆகியவற்றோடு வீட்டு நர்சிங்கையும் சேர்த்திருக்கிறார்கள். விருப்பம் இருந்தால் போய்வாருங்கள் என்று ஓரமாக ஒதுக்கிவிடவில்லை.

பட்டம் படித்தவர்களால் நோயாளிக்கு நன்மை உண்டா என்றால், ஆராய்ச்சி இருக்கிறது. நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. 2014-ல் 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளைப் பார்த்தபோது இதே குறைவு 7 சதவீதமாக வந்தது. எண்கள் இவ்வளவு உறுதியாக இருந்தாலும், காரணம் அதே அளவுக்கு உறுதியில்லை. பட்டதாரிச் செவிலியர் அதிகம் இருக்கும் மருத்துவமனை பொதுவாகவே நன்றாக நடத்தப்படுவதாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துத்தான் கணித்தார்கள், ஆனாலும் இவ்வகை ஆய்வால் தொடர்பைக் காட்ட முடியும், காரணத்தை முழுதாக நிரூபிக்க முடியாது. அதே 2014 ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. படித்தவரை வைத்துக்கொண்டு அவர் தலையில் பன்னிரண்டு பேரைக் கட்டினால் அவரால் மட்டும் என்ன செய்ய முடியும்?

வீட்டில் என்ன கற்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இதுதான் தெரிவதில்லை. முதலில் பை. அதற்கு 'பேக் டெக்னிக்' என்று ஒரு தனி முறையே உண்டு. வீட்டில் சுத்தமான, உலர்ந்த ஓர் இடம் பார்த்து, செய்தித்தாளை விரித்து, அதன்மேல்தான் பையை வைக்க வேண்டும். பையின் வெளி அறையிலிருந்து சோப்பையும் துண்டையும் எடுத்துக் கை கழுவிய பிறகுதான் உள்ளறையைத் திறக்கலாம். தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் எடுத்துவிட்டு மூடிவிட வேண்டும். வேலை முடிந்து, கருவிகளைத் துடைத்து, மறுபடி கை கழுவாமல் எதுவும் உள்ளே போகாது. பார்க்கச் சடங்கு மாதிரி இருக்கும். ஒரு வீட்டின் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கை கழுவும் தொட்டியும் குப்பைத் தொட்டிகளும் தயாராக இருக்கும் வார்டில், இதை யோசிக்கவே வாய்ப்பு வராது.

ஒரு மூன்றாம் வருட மாணவியோடு ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இதய நோய்க்கு மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று வாரம். "எல்லா மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறேன்" என்றார். உண்மைதான். மாணவி, "எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் தாத்தா" என்று கேட்டு, அட்டைகளைச் செய்தித்தாள்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் படித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது அட்டையில் நிறுத்தி, இரண்டாவது அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரே ரத்த அழுத்த மருந்து, இரண்டு பெயரில். மருத்துவமனைக்குப் போகும் முன் சாப்பிட்டது ஒன்று, வரும்போது எழுதிக் கொடுத்தது ஒன்று. காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது, ஒரு தடவை விழுந்தேன் என்று அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். படுக்கவைத்து ஒரு தடவையும், எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவையும் அழுத்தம் பார்த்தாள். மேல் அளவு 20-க்கும் அதிகமாக இறங்கியது. மாத்திரையை நிறுத்துங்கள் என்று அவள் தானாகச் சொல்லவில்லை. அது அவள் அதிகாரத்துக்குள் இல்லை, அதையும் அங்கேயேதான் கற்கிறார்கள். அங்கிருந்தே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டோம், அன்றே மருந்து மாறியது. வார்டில் மாத்திரையை நர்ஸ் எடுத்துக் கொடுப்பார், நோயாளி விழுங்குவார். வீட்டுக்குப் போனால் அலமாரியில் பழைய அட்டை காத்திருக்கிறது என்பது வார்டில் இருப்பவருக்குத் தெரியவே வராது. அந்த மாணவி இப்போது ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். யாரையாவது வீட்டுக்கு அனுப்பும்போது, பழைய மாத்திரைகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்காமல் விடுவதில்லை என்றாள்.

இவ்வளவும் சொன்னபிறகு, சமூகப் பணி என்ற பெயரில் நடக்கும் எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். முகாம் என்பதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பதாகை கட்டி, மேசை போட்டு, ஒரே நாளில் முந்நூறு பேருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, புகைப்படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். அழுத்தம் சரியாகப் பார்க்க வேண்டுமானால் அவர் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று வந்தவருக்கு இதில் எதுவும் நடப்பதில்லை. ஆரம்ப வருடங்களில் நானும் இப்படி முகாம் நடத்தியிருக்கிறேன். அளவு அதிகமாக வந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். நான்கு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டால், பலர் போகவே இல்லை. ஒரு அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். போவதற்கு ஒரு நாள் கூலி போகும், கூட வர ஆளில்லை என்றார். அதை முகாம் அன்றே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். பொதுவான உடல் பரிசோதனைகளால் பெரியவர்களின் இறப்பு குறைகிறதா என்று காக்ரேன் அமைப்பு பல சோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. குறைவதாகத் தெரியவில்லை என்பதே 2012-லும் 2019-லும் வந்த முடிவு. ரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து முறையாக மருந்து கொடுத்தால் பக்கவாதம் குறையும் என்பதில் சந்தேகம் இல்லை. கண்டறிவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் எல்லாம் போய்விடுகிறது.

திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்குப் போவதால் பலன் உண்டா? இங்கேயும் உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை ஆய்வு நடத்தினார். முதல் முறை கருவுற்ற, வசதி குறைந்த இளம் பெண்களின் வீடுகளுக்குச் செவிலியர்கள் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை போய்வந்தார்கள். பிள்ளைகள் கொடுமைப்படுத்தப்படுவதும் கவனிப்பின்றி விடப்படுவதும் குறைந்ததைப் பதினைந்து வருடம் கழித்தும் பார்க்க முடிந்தது. நான் இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதே திட்டத்தை இங்கிலாந்தில் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் புகைபிடிப்பது, குழந்தையின் பிறப்பு எடை, இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஆகிய நான்கிலும் வித்தியாசம் இல்லை. அங்கே எல்லாத் தாய்மார்களுக்கும் ஏற்கெனவே இலவச மருத்துவச் சேவையும் வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியரும் இருப்பதால், கூடுதலாகச் சேர்த்தது பெரிதாகத் தெரியாமல் போயிருக்கலாம். அது என் ஊகம்தான். எதுவுமே இல்லாத வீட்டுக்குப் போகும்போது வீட்டுப் பார்வை அதிகம் செய்கிறது என்ற எண்ணத்தில்தான் நான் இப்போது இருக்கிறேன்.

அடுத்து, சம்பளமில்லாத உழைப்பு என்ற சந்தேகம். சில இடங்களில் அது உண்மை. ஒரு சர்வேக்கு ஆள் வேண்டும் என்றால் மாணவிகளை அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்கப் படிவம் நிரப்புவார்கள், அந்தப் படிவத்தை என்ன செய்தார்கள் என்று யாரும் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒரே ஒரு அடையாளம் போதும். ஃபீல்டில் ஆசிரியர் கூட இருக்கிறாரா, அன்று மாலை உட்கார்ந்து பேசுகிறார்களா? என் அனுபவத்தில் எட்டு அல்லது பத்து பேருக்கு ஒரு ஆசிரியர் என்பதற்கு மேல் போனால் சமாளிக்க முடிவதில்லை. அந்தப் பெரியவரின் இரண்டு அட்டைகளை மாணவி கண்டுபிடித்தாள் என்றேன் அல்லவா, அன்று மாலை ஒரு மணி நேரம் அதைப் பற்றி மட்டும் பேசினோம். எந்த இடத்தில் தவறு நடந்தது, மருத்துவமனையிலா, மருந்துக் கடையிலா, வீட்டிலா என்று பத்துப் பேரும் வாதாடினார்கள். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அது வெறும் வேலைதான். குடும்பங்களின் பக்கமும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்து அதே கேள்விகளைக் கேட்டால் அவர்களுக்குச் சலித்துப்போகும். ஒரு வீட்டில் "போன வருஷம் வந்த பொண்ணுகிட்டயே எல்லாம் சொன்னேனேம்மா" என்றார்கள். அந்த நாளிலிருந்துதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு வைத்து, மூத்த மாணவி இளைய மாணவியை நேரில் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தி ஒப்படைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

ஆகவே தங்கையைச் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ச் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பள்ளிக்கு உங்கள் நாட்டின் செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அது இல்லையென்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம், ஏனென்றால் பட்டம் கையில் இருந்தும் பதிவு கிடைக்காது. மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்தெந்த வார்டில் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் சமூகப் பணிக்கு எந்தப் பகுதிக்குப் போகிறார்கள், எத்தனை வருடமாக அதே பகுதிக்குப் போகிறார்கள், விடுமுறையில் அந்த வீடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். முகாம் எத்தனை நடத்தினோம் என்று பட்டியல் காட்டினால், அதில் பரிந்துரைத்து அனுப்பியவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் இறுதியாண்டு மாணவி ஒருவரோடு ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். கடைசியாகப் போன வீட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் போதும். நல்ல பள்ளியில் படிக்கிற பிள்ளை அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன, அடுத்த வாரம் போய் என்ன செய்யப் போகிறாள் என்று பெயரைச் சொல்லாமலே பத்து நிமிடம் பேசுவாள்.